எங்கே வைக்கப் போறீங்க?

செவ்வாய்க்கிழமை ஆங்கில வகுப்பில் டீச்சர் பலகை நிறைய எழுதிப் போட்டார். மொத்தம் பத்துச் சொற்றொடர்கள். பத்துக்கும் காரியம் ஒன்றுதான்: வேண்டாத ஆளையோ வேண்டாத பொருளையோ வெளியே அனுப்புவது.

வேலை முடிந்து வருகிறவர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பு அது. ஆறிலிருந்து ஏழரை வரை. பகலில் அது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்பதால் பெஞ்சுகள் எல்லாம் பத்து வயதுக்கு அளவெடுத்தவை. பெரியவர்கள் காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"‘ஷோ த டோர்’. யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்து, வெளியே கையை நீட்டினார். "இதான். ஒருத்தரை இப்படி அனுப்பறது."

"இது எப்படி மிஸ் வெளிய போன்னு அர்த்தம்?" என்றார் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். "எங்க லிஃப்ட்ல கதவு தொறந்தா ஜனங்க உள்ளதான் முட்டிட்டு வர்றாங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் யாருக்கும் கூச்சம் இல்லை. ‘கிவ் த பூட்’ என்றதும் பின்பெஞ்சிலிருந்து "கல்தா!" என்று ஒரு குரல். ‘சென்ட் பேக்கிங்’குக்குப் "பெட்டி கட்ட வைக்கறது". ‘குட் ரிடன்ஸ்’ என்று டீச்சர் வாயை மூடுவதற்குள் நாலு பேர் சேர்ந்து "விட்டது சனி" என்றார்கள். ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்’ வந்தபோது தையல் கடையில் வேலை செய்யும் ஓர் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

"கைகழுவறது! மிஸ், இது நம்மகிட்டேருந்து சுட்டதுதானே?"

"யாரு யாருகிட்ட சுட்டாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. உக்காரு."

கழட்டிவிடுவது, தலைமுழுகுவது, டாட்டா காட்டுவது, ஏறக்கட்டுவது என்று ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள். டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "போன வாரம் வரவேற்கறதுக்கு அஞ்சு வாக்கியம் கேட்டேன். ஒருத்தர் வாயைத் தொறக்கல. அனுப்பறதுன்னா மட்டும் அத்தனை பேருக்கும் பேச்சு வருது, இல்ல?"

வீட்டுப்பாடம் நாலு கட்டம். முதல் கட்டத்தில் சொற்றொடர், இரண்டாவதில் அர்த்தம், மூன்றாவதில் நம் வழக்கில் அதற்கு நிகரானது. நாலாவதில், அவரவர் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம். "பொய்யா எழுதினா அடுத்த வாரமே மறந்துபோகும். நிஜத்தை எழுதினா ஒட்டிக்கும்" என்பது டீச்சரின் கட்சி.

ஜன்னலோரப் பெஞ்சில் இருந்த பெண் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். இருபத்து மூன்று வயது. வேலையிடத்தில் அவளைப் ‘பட்டியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள், கையில் எப்போதும் அட்டையும் பேனாவும் இருப்பதால். வீட்டைக் காலி செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. யாராவது பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போனாலோ, ஒருவர் காலமாகி வீடு பூட்டிக் கிடந்தாலோ, அவர்கள் வேனை எடுத்துக்கொண்டு போவார்கள். தூக்குகிறவர்கள் தூக்குவதற்கு முன்னால், அறை அறையாகப் போய் எது நிற்கும், எது போகும் என்று சீட்டு ஒட்டுவது அவள் பொறுப்பு. பச்சைச் சீட்டு நிற்கும். மஞ்சள் போகும்.

மூன்று கட்டங்களையும் அங்கேயே நிரப்பிவிட்டாள். பத்துக்குப் பத்து. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. யாரையும் அனுப்பிய வாழ்க்கை இல்லையே என்று முதலில் நினைத்தாள். பிறகு, எழுத்துப் பிழை வந்துவிடும் என்றுதான் தயங்குகிறோமோ என்று நினைத்தாள். இரண்டும் இல்லை என்பது அன்று வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

வீடு என்பது அவள் கூடப்பிறந்த அக்காவின் வீடு. கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. சின்ன அறை பட்டியலுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால், அத்தான் அவளுடைய அறையில் மண்டிபோட்டு, சுவருக்கும் கதவுக்கும் நடுவே டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டேப் சர்ரென்று உள்ளே ஓடிப்போனது.

"என்ன அத்தான் அளக்கறீங்க?"

"அதுவா? ரூம் வளர்ந்திருக்கான்னு பாத்தேன்."

"வளர்ந்திருக்கா?"

"ம்ஹூம். நீ மட்டும்தான் வளர்ந்திருக்க." சிரித்துக்கொண்டே எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, நழுவிவிட்டார்.

மனிதர் பொய்க்கு லாயக்கே இல்லை. காது மடல் சிவந்துவிடும். சும்மா கிடக்கிற இடத்தை யாரும் அளக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? ஒன்று உள்ளே வர வேண்டும், அல்லது ஒன்று வெளியே போக வேண்டும். அதற்குத்தான் டேப்.

என்ன வரப்போகிறது என்றும் அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு இது ஏழாவது மாதம். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு. அத்தானின் அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறார், வந்தால் இனி இங்கேயே என்று தொலைபேசிப் பேச்சில் காதில் விழுந்திருந்தது. அவருக்கு முழங்கால் வலி, தரையில் படுக்க முடியாது. ‘கட்டில்’ என்ற சொல் இரண்டு வாரத்தில் ஐந்து தடவை கேட்டிருந்தது. எண்ணியிருந்தாள். அது அவள் சுபாவம்.

ஆனால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா சொல்லவில்லை.

அம்மா போனபோது பட்டியலுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. தலை வாரியதும், காய்ச்சலுக்குக் கண்விழித்ததும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் அக்காதான். பெண் பார்க்க வந்தபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாளாம்: தங்கச்சி கூட வருவா. அதைச் சொல்லவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாளாம். அக்காவுக்குப் பேச்சு அப்படித்தான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வரலாம். பதில் அப்போதுதான் கிளம்பியிருக்கும்.

பட்டியல் படுத்துக்கொண்டு யோசித்தாள். போகச் சொன்னால் போய்விடலாம். சம்பாதிக்கிறாள், கைகால் இருக்கிறது. கட்டிலுக்கும் முழங்காலுக்கும் முன்னால் தன் பாய் பெரிய விஷயமா? அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. அல்லது கொஞ்சம்தான். ஆனால் போவதற்கு முன்னால், அக்கா வாயால் ஒரே ஒரு தடவை ‘இருடி’ என்று கேட்டுவிட வேண்டும். இருக்க முடியாமல் போனாலும் சரி. அந்த ஒரு சொல்லுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

புதன்கிழமை ஒரு மாடி வீட்டைக் காலி செய்தார்கள். பெரியவர் ஒருவர், மனைவி இல்லாதவர், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குப் போகிறார். இந்த மாதிரி வீடுகளுக்கென்று கம்பெனி மேஸ்திரி ஒரு முறை வைத்திருந்தார். ‘வேணுமா’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் உடைந்த குடைக்கும் தலையாட்டுவார்கள், பிறகு அழுவார்கள், வேன் சாயங்காலம் வரை நிற்கும். அதற்குப் பதில், ‘இதை எங்கே வைக்கப் போறீங்க?’ என்று கேட்க வேண்டும். ஓர் இடத்தைச் சொன்னால் பச்சை. சொல்லாவிட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பத்துக்குள் இடம் வரவில்லை என்றால் மஞ்சள். மறுபேச்சு கிடையாது.

"இந்த ஆளுயரக் கண்ணாடியை எங்க வைக்கப் போறீங்க சார்?"

"கட்டிலுக்குப் பின்னால" என்றார் பெரியவர் பட்டென்று.

கட்டிலுக்குப் பின்னால் வைத்த கண்ணாடியில் யார் முகம் பார்ப்பது? அது அவள் கவலை இல்லை. பச்சை ஒட்டினாள்.

"இந்த நாற்காலி ரெண்டும்?"

ஒன்று, இரண்டு, மூன்று. பெரியவர் நாற்காலிகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எட்டு, ஒன்பது, பத்து. அவள் மஞ்சளை ஒட்டினாள். சீட்டின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததைக் கட்டைவிரலால் நீவி அவரே அழுத்திவிட்டார்.

வியாழக்கிழமை வகுப்பில் ஒவ்வொருவராக நாலாவது கட்டத்தை வாசித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் தன் மச்சானைப் பெட்டி கட்ட வைத்த கதையை வாசித்தார். தையல்கார அக்கா, தன்னோடு அறையில் இருந்த பெண் போன மாதம் தனக்கே டாட்டா காட்டிவிட்டுப் போனதை எழுதியிருந்தாள். "இப்ப ஒரு கட்டில் காலியா கெடக்கு மிஸ். குறட்டை விடாத யாராவது இருந்தா சொல்லுங்க."

"பாடத்தைப் படிக்கச் சொன்னா விளம்பரம் பண்றா பாரு" என்றார் டீச்சர். "அடுத்து, ஜன்னல் பக்கம்."

பட்டியல் எழுந்தாள். நாலாவது கட்டம் வெள்ளையாக இருந்தது.

"மிஸ், ஒரு சந்தேகம். இந்தப் பத்துலயும் வேண்டாதவங்களைத்தான் அனுப்பறாங்க. வேணுங்கறவங்களை, மனசில்லாம அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

டீச்சர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "இந்தப் பாடத்துல இல்லம்மா. பாத்துச் சொல்றேன்."

"அதுக்கெல்லாம் பேச்சே வராதும்மா" என்றார் லிஃப்ட் மெக்கானிக். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு விட்டு வெளியே வரும்போது பட்டியல் தையல்கார அக்காவின் பக்கத்தில் நடந்தாள். "நான் குறட்டை விடமாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, சும்மா கேட்டு வைக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையெல்லாம் வயிற்றின்மேல் அடுக்குவது இப்போது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"வசதியா மேசை கெடச்சிருக்கு உனக்கு" என்றாள் பட்டியல்.

"உதைக்குது இந்த மேசை" என்றாள் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். இதுதான் நேரம் என்று தோன்றியது. மூன்று நாளாக வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ‘நான் இருக்கட்டுமா’ என்பது ஒன்று. ‘என்னைப் போகச் சொல்லப் போறியா’ என்பது இன்னொன்று. இரண்டில் எது நல்லது என்று காலை வரை முடிவாகவில்லை. கடைசியில் வாயைத் திறந்தபோது இரண்டும் வரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம்தான் வந்தது.

"அக்கா, அத்தானோட அம்மா வந்தா, என்னை எங்க வைக்கப் போற?"

அக்காவின் கை ஒரு சட்டையின் கைமேல் நின்றது.

ஒன்று. நிறுத்து, இவள் அக்கா, என்று மனசு சொன்னது. ஆனால் எண்ணிக்கை ஓட ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. நான்கு, ஐந்து. அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி, மேசை, சமையலறை வாசல். கண் ஒவ்வோர் இடமாகப் போய், அளந்து, திரும்பியது. எட்டு. வாய் லேசாகத் திறந்தது. ஒன்பது. பத்து.

"சரிக்கா" என்றாள் பட்டியல். "நான் வகுப்புல இருக்கற தையல்கார அக்காவோட ரூமுக்குப் போயிடறேன். கட்டில் காலியா இருக்காம்."

எழுந்து நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் வாசல்வரை போனது. முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.

அன்று சாயங்காலம் அத்தான் அவளைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா ஏதோ சொல்ல வந்தாளாம். நீ குழாயைத் தொறந்துட்டியாம்."

"என்ன சொல்ல வந்தா?"

"என்கிட்ட சொன்னாத்தானே? ‘போகட்டும் விடுங்க’ங்கறா. காலைலேர்ந்து அதே சட்டையை நாலு தடவை மடிச்சுட்டா. நான் போட்டுக்கலாம்னு எடுத்தா கையில அடிக்கறா." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் அளந்தது தப்பு. உன்கிட்ட சொல்லிட்டு அளந்திருக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தான்."

"ஒண்ணும் இல்லைன்னு அக்காளும் தங்கச்சியும் சொன்னா, நான் எங்கே போய் முட்டிக்கறது?"

பட்டியல் அக்காவிடம் போய்க் கேட்டாள். அன்றும் கேட்டாள், மறுநாளும் கேட்டாள். அக்கா தலையை நிமிர்த்தாமல் "ஒண்ணுமில்லடி" என்றாள். கோபமா, வருத்தமா, இல்லை தான்தான் ஏதேதோ கற்பனை செய்துகொள்கிறாளா? ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் ‘உப்பு எடு’, ‘விளக்கை அணை’ என்பதற்கு மேல் பேச்சு இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து திரும்பும்போது, பட்டியல் கிளம்புவதற்காகக் கட்டி வைத்திருந்த பையில் ஏதாவது ஒன்று கூடியிருந்தது. அவள் வைக்காதது. ஒரு நாள் தைலம். ஒரு நாள் ஊசி நூல். ஒரு நாள் அக்காவுடைய நல்ல கம்பளிச் சால்வை. எடுத்து அக்காவின் அலமாரியில் திருப்பி வைத்தால், மறுநாள் மறுபடி பையில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினாள். ஒரு பை, ஒரு பெட்டி. அத்தான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று முன்னால் வந்தபோது, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க இருங்க. நான் போறேன்."

"இந்த வயித்தோடயா?"

"வயித்தை வீட்டுலயா விட்டுட்டுப் போக முடியும்?" என்றாள் அக்கா. அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி அத்தான் பார்த்ததில்லை. ஒதுங்கிக்கொண்டார்.

தெருமுனையில் பஸ் நிற்கும் இடம். கம்பிப் பெஞ்சு, மேலே தகரக் கூரை, பக்கத்தில் ஒரு பூட்டிய செருப்புக் கடை. வெயில் பெஞ்சின் பாதி வரை வந்திருந்தது. அக்கா நிழலில் உட்கார்ந்தாள். பட்டியல் வெயிலில் உட்கார்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்தாள்.

முதல் பஸ் வந்தது. பட்டியல் எழுந்தாள்.

"இதுல கூட்டம். பெட்டியை வெச்சுக்கிட்டு எங்க நிப்ப?" என்றாள் அக்கா. பஸ் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, எதிரே உள்ள சுவரைப் பார்த்துக்கொண்டே அக்கா பேசினாள்.

"அன்னிக்கு எங்க வைக்கப் போறேன்னு கேட்டியே."

"ம்."

"நெசமாவே தேடினேன். கூடத்துல வைக்கலாமான்னு பாத்தேன். அலமாரியை நகர்த்தினா ஒரு ஆள் படுக்கலாம், ஆனா சமையலறைக் கதவு தொறக்காது. பால்கனியை நெனச்சேன், மழை அடிக்கும். எங்கயும் இடம் வரல." மூச்சு வாங்கினாள். "இடம் இல்லைன்னுதான்டி சொல்ல வந்தேன். அதைச் சொல்லிட்டு இன்னொண்ணும் சொல்ல வந்தேன். நீ குழாயைத் தொறந்துட்ட."

"என்ன இன்னொண்ணு?"

"நீ ஏன் இடத்தைக் கேட்ட? வேணுமான்னு கேட்டிருந்தா நான் யோசிச்சே இருக்க மாட்டேன்."

பட்டியல் அக்கா பக்கம் திரும்பினாள். இப்போது கேட்டுவிடலாம், ஒரு சொல்தான். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் கேட்காமல் விழுங்கிய சொல். உதடு வரை வந்து நின்றது. கேட்டால் அக்கா சொல்லிவிடுவாள், சொன்னால் பெட்டியைத் தூக்க முடியாது, அத்தானின் அம்மாவுக்கான கட்டில் புதன்கிழமை வருகிறது.

இரண்டாவது பஸ் வந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இது ரொம்ப வேகமா வருது. இந்த டிரைவர் சரியில்ல."

"நிறுத்தத்தானேக்கா போறாரு."

"அதெல்லாம் பாத்தாலே தெரியும்."

அதுவும் போயிற்று. அக்கா தன் புடவைத் தலைப்பால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். பட்டியல் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கடைசியாக அப்படிச் சாய்ந்து எத்தனை வருஷம் இருக்கும் என்று எண்ணப் பார்த்து, விட்டுவிட்டாள்.

மூன்றாவது பஸ் கிட்டத்தட்டக் காலியாக வந்து, அவர்கள் முன்னாலேயே நின்று, கதவைத் திறந்தது.

"இதுல போறியா?" என்றாள் அக்கா.

பட்டியல் பெட்டியின் பிடியைப் பிடித்தாள்.

"வேணாம்" என்றாள் அக்கா. "ரொம்பக் காலியா இருக்கு. யாருமே இல்லாத பஸ்ல எதுக்கு ஏறணும்?"

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வர்றீங்களா, இல்லையாம்மா?"

"நீங்க போங்க" என்றாள் அக்கா. கதவு மூடிக்கொண்டது. பட்டியலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் கண் நிறைந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல்.

வெயில் பெஞ்சை விட்டு இறங்கி நடைபாதைக்குப் போயிருந்தது. நான்காவது பஸ் தூரத்தில் தெரிந்தபோது அக்காதான் முதலில் எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் கொடுத்து, மறு கையை நீட்டி நிறுத்தினாள். பெட்டியைத் தானே தூக்கப் போக, பட்டியல் பிடுங்கிக்கொண்டாள். படியில் ஏறும்போது முதுகில் அக்காவின் உள்ளங்கை பதிந்தது. தள்ளுகிறாளா, பிடித்து நிறுத்துகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு கை.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பட்டியல் தலையை வெளியே நீட்டி, "வீட்டுக்குப் போக்கா" என்றாள். அக்கா தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, பெஞ்சில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். பஸ் முனை திரும்பும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல, வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.